கூத்துக் களமும் கைத்தொலைபேசியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆடற்கலையும் இக்காலத்துத் தொடர்புக் கருவிகளும் என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் நாட்டியம் கற்றவனல்லன். சிறுவனாயிருந்தபோது எங்கள் தோட்டத்துக் காமன் பொட்டலிலே தீப்பந்தம் பிடித்தவன். ஓராண்டு, ஓலை கொண்டுவரும் தூதனுக்குக் காய்ச்சல் வந்தமையால் அவன் உடுப்பை மாட்டிக்கொண்டு நாலடி ஆடி, மூன்றாம் அடியிலே தவறியவன். எனக்கு இக்கலையிலே உள்ள உரிமை அவ்வளவுதான். ஆயினும், களத்தைச் சுற்றி நின்றவனுக்கும் சொல்ல ஏதோ சில உண்டு என்ற துணிவினால் உங்கள் முன் நிற்கிறேன்.

அன்பர்களே, பதுளை மாவட்டத்திலே இரண்டு ஓசைகள் நமக்குச் சொந்தம். ஒன்று நகரத்திலே சலங்கை ஓசை. மற்றொன்று பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே தப்போசை. சலங்கைக்கு மேடையும் மண்டபமும் உண்டு. நாட்டியப் பரீட்சைகளும் சான்றிதழ்களும் உண்டு. தப்புக்கு அவையொன்றும் இல்லை. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு ஆட்களைக் கூப்பிட அடித்த அதே தப்புத்தான், இரவிலே காமன் பொட்டலில் தெய்வங்களை ஆடவைத்தது. அதை அடித்தவனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய காலமும் இருந்தது. அதை இன்று நாம் வெட்கத்தோடு நினைக்க வேண்டும். ஆகவே, ஆடற்கலை என்று நான் பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். தோட்டத்துக் கூத்தைச் சற்று அதிகமாகப் பேசுவேன். ஆதரிப்பார் குறைந்த பிள்ளையைத்தானே தாய் அதிகம் நினைப்பாள்!

காமன் கூத்தை இளைய அங்கத்தவர் சிலர் முழுதாகக் கண்டிருக்கமாட்டார்கள். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையிலே கம்பம் ஊன்றுவார்கள். ஆடுகின்றவர்கள் காப்புக் கட்டி நோன்பிருப்பார்கள். பௌர்ணமி வரையில் இரவுதோறும் தப்பு முழங்கும். ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவான். போகாதே என்று ரதி தடுப்பாள். தூதன் வருவான், நந்தி வருவார், வீரபத்திரர் வருவார், காளி வருவாள், எமனும் வருவான். கடைசி இரவிலே நெற்றிக்கண் திறக்கும், கம்பம் எரியும், ரதி புலம்புவாள். பின்னர் அவளுக்கு இரங்கி இறைவன் காமனை எழுப்புவார். ஆனால் எழுந்த காமனுக்கு உருவமில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டுமே அவன் தெரிவான். கந்தபுராணத்திலே காமதகனப் படலமாய் நிற்கும் கதை இது. தமிழகத்திலே அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கையிலே இது நிகழ்ந்ததாகச் சொல்வர். அக்கதையைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள் புலவர்களல்லர். கூலிக்கு வந்த நம் முன்னோர் அதை மனத்திலும் காலிலும் சுமந்து வந்தார்கள். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இலே நினைவு கூர்ந்தோம். அவ்வளவு காலமும் இந்தக் கூத்து பெரும்பாலும் ஏட்டில் இருக்கவில்லை. வாத்தியார் ஒருவரின் நினைவிலிருந்து அடுத்தவரின் நினைவுக்குச் சென்றது. அவ்வளவே அதன் பாதுகாப்பு.

இனி, புதிய கருவிகளைப் பார்ப்போம். முகநூல் 2004இலும், யூடியூப் 2005இலும், வாட்ஸ்அப் 2009இலும் தோன்றின. இவ்வளவு குறுகிய காலத்தில் இவை புகாத லயக்காம்பிரா இன்று அரிது. கொழுந்துக் கூடையைச் சுமக்கும் தாயின் இடுப்பு மடிப்பிலும் ஒரு கைத்தொலைபேசி உண்டு. 'இதனால்தான் பிள்ளைகள் கெட்டார்கள்' என்று பெரியோர் சிலர் சொல்கிறார்கள். 'இது இல்லாவிட்டால் நம்மை யார் அறிவார்' என்று இளைஞர் கேட்கிறார்கள். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைத் தேடுவதற்காகவே இந்தப் பேச்சு.

முதலில் நன்மையைச் சொல்லுகிறேன். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, நாட்டிய வகுப்புகள் மூடப்பட்டன. ஆசிரியைகள் பலர் ஸூம் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் அடவு சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் எத்தனையோ பெண் பிள்ளைகள் சலங்கையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அதை மறந்திருப்பார்கள். ஆனால் அந்த நன்மை எல்லார்க்கும் ஒரே அளவாய்க் கிடைத்ததா? 2021இலே லுணுகலைப் பக்கத்தில் பிள்ளைகள் மலையுச்சிக் காட்டிலே மரத்தின்மேல் கட்டிய பரணில் ஏறி, அங்கே கிடைத்த அலையைக் கொண்டு பாடம் பெற்றதை வெளிநாட்டுச் செய்தியாளர்களும் எழுதினார்கள். பாடத்துக்கே மரமேற வேண்டிய இடத்திலே பரதத்துக்கு எங்கே போவது? மரத்துப் பரணிலே அரைமண்டி இருக்க முடியுமா?

வேறொரு குறையையும் ஆசிரியை ஒருவர் எனக்கு விளக்கினார். தட்டுமனையிலே அவர் தட்டும் தட்டுக்கழியின் ஓசை, மாணவியின் வீட்டை அடைவதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. அது கண்ணிமைக்கும் நேரந்தான். ஆனால் தாளத்திலே கண்ணிமைக்கும் நேரம் பெரிய காலம். அவள் கால் தட்டுவது அவருக்குத் திரும்பி வந்து சேரும்போது இன்னும் பிந்துகிறது. பிள்ளை பிழையாக ஆடுகிறாளா, கருவி பிந்துகிறதா என்று சொல்ல முடியாது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. அந்த ஆண்டிலே கூடம் மெய்யாகவே கோணலாய் இருந்தது! ஆகவே அந்த ஆசிரியை ஒரு வழி கண்டார். இருவரும் ஒரே நேரத்தில் ஆடுவதை விட்டுவிட்டார். சொற்கட்டைப் பதிவு செய்து அனுப்பினார். பிள்ளை அதற்கு ஆடிப் படம்பிடித்து அனுப்பினாள். அவர் பார்த்துத் திருத்தம் சொன்னார். கருவியின் இயல்பை அறிந்து அதனிடம் வேலை வாங்கினார். ஆயினும் வகுப்பு மீண்டும் திறந்த முதல் நாளிலே அவர் செய்தது என்ன தெரியுமா? பிள்ளைகளின் முழங்காலையும் முதுகையும் கையால் தொட்டுத் திருத்தினார். 'இரண்டு மாதக் கோணலை ஒரு கிழமையில் எடுத்தேன்' என்று சொன்னார்.

இனி நான் சொல்லப்போவது என் குற்றம். ஊரையும் ஆளையும் பெயர் சொல்லமாட்டேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரதி வேஷம் கட்டி வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். பகலிலே கவ்வாத்து வெட்டுபவர், கை காய்த்திருக்கும், முகத்திலே அம்மை வடு. ஆனால் அரிதாரம் பூசிச் சேலை உடுத்தி அவர் களத்தில் இறங்கினால், பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஓராண்டு கடைசி இரவிலே, அவர் புலம்பும் இடத்தை இளைஞன் ஒருவன் கைத்தொலைபேசியால் அரை நிமிடம் பிடித்தான். தப்போசையை நீக்கிவிட்டுச் சினிமாப் பாட்டொன்றைச் சேர்த்தான். சேலை விலகிய இடத்திலே காலை நிறுத்திக் காட்டினான். டிக்டொக்கிலும் முகநூலிலும் அது பரவிற்று. கீழே எழுதப்பட்டவற்றை இந்தச் சபையில் சொல்லக் கூடாது. எனக்கும் அது வந்தது. நானும் சிரித்தேன். நானும் அதை நாலு பேருக்கு அனுப்பினேன்.

அடுத்த மாசியிலே கம்பம் ஊன்றினார்கள். ரதிக்கு ஆளில்லை. 'முழங்கால் வலி' என்று பெரியவர் சொல்லிவிட்டாராம். எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் லயத்துக்குப் போனேன். 'பெரியப்பா, நாங்கள் செய்தது பிழை' என்றேன். அவர் கோபிக்கவில்லை. தேநீர் கொடுத்தார். வெகு நேரம் கழித்து ஒன்று சொன்னார்:

'தம்பி, ரதி அழுவுற எடத்த மட்டும் புடிச்சிட்டீங்க. அவ எதுக்கு அழுவுறான்னு புடிக்கலியே.'

அன்பர்களே, சமூக வலைத்தளங்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளை நான் வாசித்திருக்கிறேன். இந்த ஒரு வார்த்தைக்கு மேலான விளக்கம் எதிலும் கிடைக்கவில்லை. இரவு இரவாக வளர்ந்து வந்த துயரம் அது. கல்யாணம் பார்த்த கூட்டம், மன்மதன் புறப்பட்டதைப் பார்த்த கூட்டம், ரதி காலைப் பிடித்துத் தடுத்ததைப் பார்த்த கூட்டம், கடைசி இரவிலே அழுகிறது. நடுவிலே அரை நிமிடத்தைக் கிள்ளி எடுத்து, முன்பின் அறியாத ஊருக்கு அனுப்பினால், சேலை கட்டிய ஆண் ஒருவன் கத்துவதைத் தவிர அங்கே வேறென்ன தெரியும்? உருவமற்ற காமன் ரதிக்கு மட்டும் தெரிந்தான் என்ற கதையிலும் ஒரு பொருள் இருக்கிறது. அன்புள்ள கண்ணுக்குத்தான் அவன் தெரிவான். கூத்தும் அப்படித்தான்.

அப்படியானால் சுருக்கிக் காட்டுவதே குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கர்ணன் போர் 1962இலும், இராவணேசன் 1964இலும் மேடையேறின. விடிய விடிய ஆடும் கூத்து சில மணி நேரத்துக்குள் அடங்கிற்று. அதனால் கூத்து அழியவில்லை. படித்தவர்கள் நாட்டுக்கூத்தை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஏன்? முழுக்கூத்தையும் அறிந்த அண்ணாவிமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டமும் தாளமும் கெடாமல் சுருக்கினார்கள். முழுவதையும் அறிந்தவன் சுருக்கினால் அது சாறு. அறியாதவன் சுருக்கினால் அது சக்கை. இந்த வேறுபாட்டை நம் வாலிபர்கள் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும்.

பதிந்து வைப்பதன் அருமைக்கும் நம்மிடத்திலேயே முன்மாதிரி உண்டு. மலைநாட்டிலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் (1914–1984) தோட்டத்து மக்களின் பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதித் தொகுத்தார்கள். அவர் கையிலே இருந்தது பேனா ஒன்றுதான். அவர் எழுதி வைத்திராவிட்டால் அப்பாடல்களில் எத்தனை இன்று நமக்குக் கிடைத்திருக்கும்? பேனா, ஆட்டத்தைப் பிடிக்காது. பாட்டின் மெட்டையும் பிடிக்காது. நம் கையிலே இருக்கும் கருவியோ பாட்டு, ஆட்டம், முகம், தப்பு யாவற்றையும் பிடிக்கும். கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நாம் நெய்க்கு அலைகிறோம்.

பிந்தினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். பரதத்திலே பாலசரசுவதி அம்மையாரின் பெயரை அறியாதார் இல்லை. 1935இலே கல்கத்தாவில் அவர் ஆடியதைப் பதினான்கு வயதுச் சிறுவனாய்க் கண்டு வியந்தவர் சத்யஜித் ராய். அவரே பின்னாளில் பெரும் படக்கலைஞராகி, அந்த அம்மையாரைப் பற்றி 'பாலா' என்னும் படத்தை 1976இல் எடுத்தார். அப்போது அம்மையாருக்கு வயது 58. அந்தப் படம் பெரும் பாக்கியம். அதை இன்று கைத்தொலைபேசியிலே காண்பவர்கள் அனேகர். ஆயினும் சிறுவன் கண்ட அந்த இளமை ஆட்டத்தை நாற்பது ஆண்டு கழித்து எந்தக் கருவி திருப்பித் தரும்? உலகப் புகழ் பெற்ற நாட்டியத்துக்கே இது கதியென்றால், ஒரு டிவிஷனுக்கு வெளியே பெயர் அறியப்படாத கூத்து வாத்தியார்களின் கதி என்ன?

இன்னொன்றும் நினைவிற்கு வருகிறது. சொல்லவே நா கூசுகிறது. 2014ஆம் ஆண்டு ஐப்பசியிலே, அக்டோபர் 29ஆந் திகதி காலையிலே, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. நம் உறவுகள் பலர் மாண்டார்கள். உயிருக்கு முன்னே மற்றெதுவும் பெரிதல்ல. ஆயினும் மிஞ்சியவர்களுக்குத் தாய் தகப்பன் முகத்தைப் பார்க்க ஒரு படமும் மிஞ்சாமற் போனதை நாம் மறக்கலாகாது. மண் சரியும் மலையிலே வாழ்கிறவர்களின் நினைவுகள் ஒரே பெட்டியில், ஒரே காம்பிராவில் இருக்கக் கூடாது. இந்தப் புதிய கருவிகள் நமக்குத் தரும் மிகப் பெரிய வரம், ஒரு பொருளை ஒரே நேரத்தில் பல இடங்களில் வைத்துக்கொள்ளும் வசதியே என்பது என் எண்ணம்.

ஆகவே நாம் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, கேட்டுவிட்டுப் பிடியுங்கள். ஆடுகிறவர்களிடமும் வாத்தியாரிடமும் உத்தரவு பெறாமல் கருவியை உயர்த்தாதீர்கள். எடுத்ததை ஊருக்குக் காட்டுமுன் அவர்களுக்குக் காட்டுங்கள். 'இதைப் போடாதே' என்றால் போடாதீர்கள். இது மரியாதை மட்டுமன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகைக் கலைஞர்க்கும் உரிமை தருகிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாக்கிறது. பெண் பிள்ளைகளின் நாட்டியப் படங்களைப் போடுவதாயின் தாய் தந்தையரின் சம்மதமும் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பாடசாலை, வீடு முதலிய விவரங்களைச் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது, முழுவதையும் பிடியுங்கள். கம்பம் ஊன்றும் இரவு முதல் காமனை எழுப்பும் நாள் வரை. தொலைபேசியைப் படுக்கையாகப் பிடித்து, மூங்கில் காலொன்றிலே கட்டி ஓரிடத்தில் நிறுத்துங்கள். முகத்தை நெருங்கி எடுக்கும் ஆசையிலே காலை வெட்டிவிடுகிறார்கள். கூத்து காலிலே அல்லவா இருக்கிறது! தப்புக்கு மிக அருகே கருவியை வைத்தால் ஓசை உடைந்து இரைச்சலாகும். தள்ளி வையுங்கள்; பாடுபவருக்கு அருகே இன்னொரு தொலைபேசி இருக்கட்டும்.

மூன்றாவது, எழுதி வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு, ஆடியவர் யார், அடித்தவர் யார், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பவற்றை அவர்கள் சம்மதத்தோடு குறித்து வையுங்கள். பெயரில்லாத காணொளி அநாதைப் பிணம் போன்றது.

நான்காவது, மூன்று பிரதிகள் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் காணொளி சுருங்கித் தரம் குறைகிறது. ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். ஒரு பிரதி ஆடியவரின் வீட்டில், ஒன்று சங்கத்தின் வன்தட்டில், ஒன்று தோட்டத்துக்கு வெளியே கணினிச் சேமிப்பில். யூடியூப் நமது பெட்டகம் அன்று. அது பிறர் நடத்தும் கடை. சினிமாப் பாட்டு கலந்தால் ஓசையை அடைத்துவிடும். விதி மாறினால் முழுவதையும் எடுத்துவிடும்.

ஐந்தாவது, களத்துக்கு அழைத்து வாருங்கள். நம் பிள்ளைகள் கொழும்பிலே கடைகளிலும், மத்திய கிழக்கிலே வீட்டுப் பணியிலும் இருக்கிறார்கள். கடைசி இரவை நேரலையிலே அவர்கள் பார்த்துக் கண்ணீர் விடுவது நல்லதே. அதனோடு நிற்கக் கூடாது. கம்பம் ஊன்றுமுன்பே, எந்த வேஷத்துக்கு ஆள் வேண்டும் என்று அறிவியுங்கள். விடுமுறைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைவூட்டுங்கள். விருப்பக்குறி ஆயிரம் விழுந்தாலும் நந்திக்கு ஆளில்லையென்றால் கூத்து நடவாது.

நான் தொடங்கிய கதைக்குத் திரும்புகிறேன். பெரியவர் அதன்பின் சேலை கட்டவில்லை. அந்த விஷயத்தில் அவர் மனம் மாறவில்லை. மாற்றும் உரிமையும் எங்களுக்கு இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு களத்தின் ஓரத்திலே ஒரு முக்காலியில் வந்து உட்கார்ந்தார். ரதிக்குப் புதிதாய் ஒரு பையன், வயது பத்தொன்பது, கொழும்பிலே பலசரக்குக் கடையொன்றில் வேலை. தை மாதத்திலே நாங்கள் நாலைந்து பேர் பெரியவரின் லயத்துக்குப் போய், அவர் உத்தரவோடு அவர் பாட்டையும் அடியையும் பதிவு செய்து அவனுக்கு அனுப்பியிருந்தோம். கடை சாத்திய பிறகு, மூட்டைகளுக்கு நடுவே அதைப் போட்டுப் பார்த்து அவன் பழகினான். கம்பம் ஊன்றுவதற்கு இரண்டு கிழமை முன்னே ஊருக்கு வந்து சேர்ந்தான். முதல் ஒத்திகையைப் பெரியவர் பார்த்தார். 'அடியெல்லாம் சரியா இருக்கு. மூச்சுத்தான் அவசரப்படுது' என்று சொல்லி, அவன் முதுகிலே கையை வைத்து, எங்கே நிறுத்தி மூச்செடுக்க வேண்டும் என்று காட்டினார். தொலைபேசி அடியைக் கொடுத்தது. மூச்சைக் கொடுக்க ஒரு கை வேண்டியிருந்தது.

அந்தக் காணொளியை வெட்டி ஒட்டிய இளைஞனும் அந்த ஆண்டு களத்திலே நின்றான். மூங்கில் காலைக் கட்டியவன் அவனே. பெரியவர் அவனைக் கண்டு, 'வா சாமி, இந்தப் பக்கம் நின்னா நல்லாத் தெரியும்' என்று இடம் காட்டினார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவர்களுக்குள் நடக்கவில்லை.

கடந்த ஐப்பசியிலே பெரியவர் காலமானார். அவருடைய குரலும் அடியும் எங்களிடம் இருக்கின்றன. முழுவதும் இல்லை. எரிந்தபின் ரதி பாடும் புலம்பலிலே பிற்பகுதி ஒன்று எங்களிடம் இல்லை. அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டது. 'அடுத்த முறை எடுத்துக்கொள்வோம் பெரியப்பா' என்று நான்தான் சொன்னேன். அடுத்த முறை வரவில்லை. இப்போது அந்தப் பையன் அந்த இடத்துக்கு வரும்போது, அவர் மூன்றாண்டுக்கு முன் பாடியதைக் கேட்ட கிழவிகள் இருவர், களத்தின் ஓரத்திலிருந்து தங்களுக்கு நினைவுள்ள அடிகளை எடுத்துக்கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

ஆகையால் பெரியோர்களிடம் என் வேண்டுகோள் இது: பிள்ளைகள் கருவியோடு வந்தால் விரட்டாதீர்கள். உட்காரவைத்துப் பாடிக் காட்டுங்கள். பிழையாய்ப் பிடித்தால் திருத்துங்கள். வாலிபச் சகோதரர்களிடம் என் வேண்டுகோள் இது: அழுகிற இடத்தை மட்டும் பிடிக்காதீர்கள், ஏன் அழுகிறாள் என்று கேட்டுப் பிடியுங்கள். உங்கள் தோட்டத்திலே தப்புப் பழகியவர், கூத்துப் பழக்கியவர், லாவணி பாடியவர் யாராவது இருப்பார். பெரும் பொருள் வேண்டியதில்லை, மண்டபம் வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள்.

தொலைபேசிக்கு மின்னேற்றிக்கொண்டும் போங்கள்.